கோளாறா, குணமா? 'ஈஸி ரைடர்' டிஸ்க்குகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நியூ ஆர்லியன்ஸ் கல்லறைத் தோட்டம். வெயில் நேராக லென்ஸுக்குள் அடிக்கிறது. படம் வெளுத்துப்போய் மறுநொடியே இருள்கிறது. மீன்கண் லென்ஸில் கல்லறைச் சுவர்கள் வளைந்து நிற்கின்றன. எங்கோ ஒரு சிறுமி செபம் சொல்கிறாள். அதன் மேலேயே ஓர் இயந்திரம் விடாமல் இடித்துக்கொண்டிருக்கிறது. திரை முழுக்கக் கிரெயின், அதாவது ஃபிலிமின் நுண்துகள், எறும்புக் கூட்டம்போல் மொய்க்கிறது. 75 அங்குலப் புது டிவியில் இந்த இடம் வந்ததும் பலருடைய கை ரிமோட்டைத் தேடும். மெனுவுக்குள் போய் 'நாய்ஸ் ரிடக்ஷன்' எங்கே என்று பார்க்கும். படம் கெடத் தொடங்குவது அங்கேதான்.

'ஈஸி ரைடர்' 1969 ஜூலையில் அமெரிக்காவில் திரைக்கு வந்தது. டென்னிஸ் ஹாப்பர் இயக்கினார், பீட்டர் ஃபோண்டா தயாரித்தார். பில்லியாகவும் வயட்டாகவும் நடித்தவர்களும் அவர்களே. திரைக்கதையில் டெரி சதர்னும் உண்டு. செலவு 4 லட்சம் டாலரை ஒட்டி; உலக வசூல் 6 கோடி டாலரை ஒட்டி. அதே ஆண்டு கான் விழாவில் முதல் படத்துக்கான பரிசைப் பெற்றது. 1998-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. கதை ஒரு வரிதான்: போதைப்பொருள் விற்ற பணத்தைப் பெட்ரோல் டேங்குக்குள் ஒளித்துக்கொண்டு, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸின் மார்டி கிரா திருவிழா பார்க்க இரண்டு பேர் பைக்கில் கிளம்புகிறார்கள். வழியில் ஜாக் நிகல்சன் ஏறிக்கொள்கிறார்.

இந்தப் படத்தை வீட்டில் போட்டுப் பார்ப்பவர்களின் புகார்களில் பாதி படத்தைப் பற்றியவை, பாதி டிஸ்க்கைப் பற்றியவை. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் போனால் தப்பான டிஸ்க்கை வாங்குவோம். சரியான டிஸ்க்கை வாங்கினாலும் டிவியில் கெடுத்துப் பார்ப்போம். வைத்தியர் முதலில் பார்ப்பது எது நோய், எது உடம்பின் வாகு என்பதை. இங்கேயும் அந்த வேலைதான்.

படம் எடுத்த விதம்

'ஈஸி ரைடர்' ஒரே படமாகப் பிறக்கவில்லை, இரண்டாகப் பிறந்தது. மார்டி கிரா தெருக்காட்சிகளும் கல்லறைக் காட்சியும் 1968 பிப்ரவரியில், முதன்மைப் படப்பிடிப்பு தொடங்கும் முன்பே, 16 மி.மீ. கேமராக்களில் எடுக்கப்பட்டவை. அதன் பிறகுதான் ஹங்கேரியிலிருந்து 1956-ல் தப்பிவந்த லாஸ்லோ கோவாக்ஸ் ஒளிப்பதிவாளராக வந்து, மீதிப் பயணத்தை 35 மி.மீ.யில் எடுத்தார். சாமான்களுக்கு ஒரு லாரி, பைக்குகளுக்கு ஒரு லாரி, ஆட்களுக்கு ஒரு மோட்டார் ஹோம் என்று மொத்தப் படையும் சாலையிலேயே நகர்ந்தது. வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பாலும் இயற்கை வெளிச்சம்தான். ஓடும் காரிலிருந்து ஜூம் லென்ஸ் போட்டு எடுத்த ஷாட்கள் நிறைய.

ஜூம் லென்ஸுக்குள் கண்ணாடித் துண்டுகள் அதிகம். ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பினால் அந்தப் பிரதிபலிப்புகள் வட்ட வட்டமாக, கண்ணாடி வளையல்களைக் கோத்ததுபோல் திரையின் குறுக்கே ஓடும். அந்த நாளில் இதைப் பிழை என்று ஒதுக்கி ரீடேக் எடுப்பார்கள். கோவாக்ஸ் அப்படியே விட்டார். பிறகு அதுவே எழுபதுகளின் அமெரிக்க சினிமாவுக்கு ஒரு பாணியாகிப்போனது. ஆக, பயணக் காட்சிகளில் வெளிச்ச வளையங்கள் ஓடினால், கறுப்பு கொஞ்சம் சாம்பலாக எழும்பினால், அது டிஸ்க்கின் குற்றம் அல்ல. ஃபிளேர் வந்த ஷாட்டில் கறுப்பு அடர் கறுப்பாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். யாரோ கான்ட்ராஸ்ட்டை இறுக்கியிருக்கிறார்கள்.

கல்லறைக் காட்சியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 16 மி.மீ. ஃபிரேமின் அகலம் 10.26 மி.மீ. 35 மி.மீ. ஃபிரேமின் அகலம் கிட்டத்தட்ட 22 மி.மீ. 75 அங்குல டிவியின் திரை அகலம் சுமார் 166 செ.மீ. அப்படியானால் பயணக் காட்சி உங்கள் டிவியில் 75 மடங்கு பெரிதாகத் தெரிகிறது. கல்லறைக் காட்சி 160 மடங்கு. நீளவாக்கில் இரண்டு மடங்கு, பரப்பில் நான்கு மடங்குக்கு மேல். கிரெயின் பெரிதாகத் தெரியாவிட்டால்தான் அதிசயம்.

இதோடு முடியவில்லை. 16 மி.மீ.யை 35 மி.மீ. படத்தில் சேர்க்க வேண்டுமானால் ஆப்டிகல் பிரிண்டரில் போட்டு ஃபிரேம் ஃபிரேமாகப் பெரிதாக்கி வேறொரு ஃபிலிமில் பதிய வேண்டும். அந்த ஃபிலிமுக்கும் அதன் சொந்தக் கிரெயின் உண்டு. சிறிய கிரெயினைப் பெரிதாக்கி, அதன்மேல் இன்னொரு கிரெயினைத் தூவியதுபோல் ஆகும். கான்ட்ராஸ்ட் ஏறும், வெளுத்த இடங்களில் விவரம் போய்விடும். டிஸ்க் உறையில் 'ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து' என்று போட்டிருந்தாலும், அந்த இடத்தில் நெகட்டிவில் ஒட்டியிருப்பது பெரிதாக்கிய நகல்தான். எத்தனை கே-யில் (2கே, 4கே என்ற நுட்ப அளவில்) ஸ்கேன் செய்தாலும் நகலில் இல்லாதது வராது.

நல்ல ஸ்கேனில் என்ன கிடைக்கும்? கிரெயினின் வடிவம் ஒழுங்காகக் கிடைக்கும். பெரிய துகளும் அதன் நடுவே சின்னத் துகளும் தனித்தனியாக, ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறித் துடிக்கும். மோசமான டிஸ்க்கில் அது சதுரம் சதுரமாகக் கட்டியாகி, ஒரு விநாடி உறைந்து, பிறகு தாவும். அருகில் போய், முகத்தின் கன்னத்தைப் பாருங்கள். துகள் துடித்தால் படம். கட்டி நகர்ந்தால் கம்ப்ரஷன், அதாவது டிஸ்க்கில் அடக்கப் படத்தைச் சுருக்கிய கோளாறு. கன்னம் மெழுகுபோல் வழுவழுத்தால் யாரோ துடைத்திருக்கிறார்கள். அது மூன்றிலும் மோசம்.

இந்தக் காட்சிக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் படமெடுக்கக் கட்டுப்பாடு போட்டுவிட்டது. இன்னொருமுறை எடுக்க வழியில்லாத காட்சி. இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

கால் நொடிக் கட்டுகள்

படத்தில் இன்னொரு விசேஷம், எடிட்டர் டான் கேம்பர்னின் காட்சி மாற்றங்கள். ஒரு காட்சி முடியும் இடத்தில் அடுத்த காட்சி கால் நொடி மின்னும். பழைய காட்சி திரும்பும். மறுபடி புதியது, மறுபடி பழையது. அதன் பிறகே புதிய காட்சி நிலைக்கும். ஒரு காட்சி கரைந்து மறைய அடுத்தது மெல்ல எழும் டிஸால்வ் போட்டிருந்தால் ஆப்டிகல் வேலை, கூடுதல் செலவு, தரத்தில் ஒரு படி இறக்கம் எல்லாம் வந்திருக்கும். ஃபிலிமை வெட்டி அடுத்த காட்சியை ஒட்டும் நேரடிக் கட்டுக்கு அது எதுவும் வேண்டாம். நெகட்டிவ் ஒட்டுகள் மட்டும் கூடும்.

வீட்டு வீடியோவுக்கு இது ஒரு முள். ஒவ்வொரு காலத்திலும் வேறு வேறு விதமாகக் குத்தியிருக்கிறது.

கேசட் காலத்தில் முதலில் அடிபட்டது சட்டகம். உயரத்தைப்போல் 1.85 மடங்கு அகலமான படத்தைப் பழைய 1.33 மடங்கு டிவிக்குப் பக்கவாட்டில் வெட்டினால் அகலத்தில் 28 சதவீதம் போய்விடும். இரவு நெருப்பைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் காட்சியில் ஓரத்தில் இருப்பவர் பாதி ஆளாவார். ஃபோண்டாவின் பைக் நீளம், முன் ஃபோர்க் சாய்ந்து வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டு ஷாட்டில் முன் சக்கரம் திரைக்கு வெளியே போய்விடும்.

அடுத்தது வேகம். ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம். பிரிட்டனிலும் இந்தியாவிலும் இருந்த 'பால்' (PAL) என்ற டிவி முறை நொடிக்கு 25. படத்தை அப்படியே 25-ல் ஓட்டிவிடுவது வழக்கம். 95 நிமிடப் படம் 91 நிமிடமாகும். பேச்சு கொஞ்சம் அவசரமாகும். பாடல்களின் சுருதி முக்கால் அரைச்சுரத்துக்கு, சரியாகச் சொன்னால் 0.7 செமிடோனுக்கு, ஏறிவிடும். ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்த ராக் பாடல்களை வரிசையாக வைத்த படத்தில் இது சின்ன விஷயம் அல்ல. இசைத்தட்டில் கேட்டுப் பழகிய காதுக்கு முதல் பாட்டிலேயே ஏதோ இடறும்.

அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் சிக்கல் வேறு. நொடிக்கு 60 புலங்கள்; ஒரு வீடியோ ஃபிரேமின் ஒன்றுவிட்ட கோடுகள் மட்டும் கொண்ட பாதிப் படம்தான் புலம். 24 ஃபிரேமை 60-க்கு நீட்ட, ஒரு ஃபிரேமை மூன்று புலமாகவும் அடுத்ததை இரண்டு புலமாகவும் மாற்றி மாற்றிப் பதிவார்கள். ஆறு ஃபிரேம் கொண்ட கால் நொடித் துண்டு 15 புலமாகும். ஒற்றைப்படை எண் என்பதால் கட் விழும் இடத்தில் மேல் புலம் பழைய காட்சியாகவும் கீழ்ப் புலம் புதிய காட்சியாகவும் ஒரே வீடியோ ஃபிரேமில் மாட்டிக்கொள்ளும். பழைய குழாய் டிவியில் இது தெரியாது. தட்டைத் திரையில், பிளேயர் சரியாகப் பிரிக்காவிட்டால், சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். அமெரிக்க டேப்பை எடுத்துப் பாலுக்கு மாற்றிய மலிவுப் பதிப்புகள் அதைவிட மோசம். அங்கே இரண்டு காட்சிகளும் ஒன்றின்மேல் ஒன்று நிழலாகக் கலந்துவிடும். கேம்பர்ன் கவனமாகத் தவிர்த்த டிஸால்வை மாற்றுக்கருவி தானாகவே போட்டுக் கொடுத்துவிடும்!

டிவிடியில் கம்ப்ரஷன் தொல்லை. எம்பெக்-2, ஒரு முழு ஃபிரேமை வைத்துக்கொண்டு அடுத்தடுத்த ஃபிரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிச் சேமிக்கும். கால் நொடிக்கு ஒரு முறை எல்லாமே மாறினால் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. டிவிடியின் வீடியோ உச்சவரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட், ஒலிக்கும் கொஞ்சம் கொடுத்தாக வேண்டும். கட் விழுந்த முதல் ஒன்றிரண்டு ஃபிரேம்கள் மங்கி, பிறகு தெளியும். ஆறு ஃபிரேம் துண்டில் இரண்டு மங்கினால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ப்ளூரேயில் வீடியோவுக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடம் இருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. 4கே டிஸ்க்கில் இடம் இன்னும் தாராளம். ஆனால் ஸ்ட்ரீமிங்கில் 4கே என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் அடக்கப் பார்ப்பார்கள். இந்த ஒரு படத்துக்கு ஸ்ட்ரீமிங் 4கே-யைவிட ஒழுங்கான ப்ளூரே மேல்.

மூலம் எது, மீட்டது எப்படி

2019-ல் படத்தின் 50-ஆம் ஆண்டையொட்டி சோனியும் இத்தாலியின் திரைப்படக் காப்பகமான போலோனியா சினிடெக்கும் சேர்ந்து செய்த 4கே மீட்பு கான் விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் திரையிடப்பட்டது. மூலமாக எடுத்தவை இரண்டு: 35 மி.மீ. ஒரிஜினல் நெகட்டிவ், அதோடு கறுப்பு-வெள்ளைப் பிரிப்பு மாஸ்டர்கள்.

இந்தப் பிரிப்பு மாஸ்டர் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. வண்ண ஃபிலிமின் சாயம் காலப்போக்கில் மங்கும். அந்தக் காலப் பிரிண்டுகள் இளஞ்சிவப்பாகிப் போனதை எல்லோரும் பார்த்திருப்போம். அதனால் பெரிய ஸ்டுடியோக்கள் வண்ண நெகட்டிவை சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் வழியே மூன்று தனித்தனிக் கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் பதிந்து வைப்பார்கள். கறுப்பு-வெள்ளையில் இருப்பது வெள்ளித் துகள், சாயம்போல் மங்காது. நெகட்டிவில் கிழிந்தோ மங்கியோ போன இடத்துக்கு இந்த மூன்றையும் சேர்த்து வண்ணத்தைத் திரும்பப் பெறலாம்.

தவறு நடக்கும் இடமும் இதுவே. ஐம்பது ஆண்டில் மூன்று ஃபிலிமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் மயிரிழை விலகும். ஓரங்களில் சிவப்பும் பச்சையுமாகக் கோடு தெரியும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபிரேமையும் நீட்டிச் சுருக்கிப் பொருத்த வேண்டும். பொருத்தியது சரியா என்று பார்க்கக் குரோம் பாகங்களைவிட நல்ல இடம் இல்லை. ஃபோர்க் குழாயின் வெள்ளை விளிம்பு வெள்ளையாகவே இருந்தால் வேலை சுத்தம்.

தூசி நீக்குவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தானியங்கி மென்பொருள் முன் ஃபிரேமையும் பின் ஃபிரேமையும் ஒப்பிட்டு, நடு ஃபிரேமில் மட்டும் தெரியும் புள்ளியைத் தூசி என்று அழிக்கும். நெருப்பிலிருந்து தெறிக்கும் பொறி ஒரே ஃபிரேமில்தான் இருக்கும். ஓடும் பைக்கின் குரோமில் பளிச்சிடும் சூரியனும் அப்படித்தான். கட்டுப்பாடு இல்லாமல் ஓடவிட்டால் பொறி இல்லாத நெருப்பும் மினுங்காத பைக்கும் மிஞ்சும். இரவு நெருப்புக் காட்சிகளை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நெகட்டிவ் ஒட்டுகளையும் சொல்லியாக வேண்டும். ஒட்டு விழுந்த இடம் தடித்திருக்கும். ஸ்கேனரைக் கடக்கும்போது படம் மேலும் கீழும் ஒரு துள்ளு துள்ளும். சாதாரணப் படத்தில் நிமிடத்துக்குச் சில துள்ளல்கள். இங்கே மாற்றக் கட்டு வரும்போதெல்லாம் ஒன்றரை நொடிக்குள் ஐந்தாறு. கையால் நிலைநிறுத்தினால் சரியாகும். இயந்திரத்திடம் விட்டால், கையில் பிடித்து எடுத்த கேமராவின் இயல்பான ஆட்டத்தையும் சேர்த்து நிறுத்திவிடும். கல்லறைக் காட்சி முக்காலியில் எடுத்ததுபோல் ஆகிவிடும்.

ஒலி

1969-ல் திரையரங்கில் கேட்டது மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. பின்னால் வந்த 5.1 என்ற பல ஸ்பீக்கர் கலவையில் பாடல்கள் ஸ்டீரியோவாக அகன்று விரிகின்றன. வசனம் பழைய மோனோவாகவே நடுவில் நிற்கிறது. விளைவு, பாட்டு வந்தால் வீடு அதிர்கிறது, பேச்சு வந்தால் ஒலியைக் கூட்ட வேண்டியிருக்கிறது. 5.1-தான் வேண்டும் என்பவர்கள் ரிசீவரில் சென்டர் ஸ்பீக்கரை 2 அல்லது 3 டெசிபல் உயர்த்திக்கொள்ளலாம். மோனோ இருக்கும் டிஸ்க்கில் மோனோவைப் போடுவதே எங்கள் பரிந்துரை. பாட்டும் எஞ்சின் சத்தமும் காற்றும் ஒரே புள்ளியிலிருந்து வந்தால்தான் பைக் அந்தப் பாட்டுக்குள் ஓடுவதுபோல் இருக்கும்.

பைக்குகள் ஹார்லி-டேவிட்சன் பான்ஹெட் எஞ்சின் வைத்தவை; போலீஸ் ஏலத்தில் வாங்கியவற்றை கிளிஃப் வாஸும் பென் ஹார்டியும் முன் ஃபோர்க் நீண்ட சாப்பர் பைக்குகளாகச் செதுக்கினார்கள். கறுப்பின மெக்கானிக்குகளான அவர்கள் பெயர் படத்தின் டைட்டிலில் இல்லை. 45 டிகிரி இடைவெளியில் இரண்டு சிலிண்டர், ஒரே கிராங்க் பின். வெடிப்புகள் சமமாக விழாது: ஒன்று 315 டிகிரியில், அடுத்தது 405 டிகிரியில். அந்த நொண்டித் தாளம்தான் ஹார்லியின் அடையாளம், நொண்டித் தாளம் மோனோவிலும் துல்லியமாகக் கேட்கும். ஆனால் சோபா நடுங்கினால் அது படத்தின் சத்தம் அல்ல. அந்தக் கால ஆப்டிகல் ஒலிப்பட்டையில் அவ்வளவு ஆழத்துக்கு இடமே கிடையாது. ரீமிக்ஸில் சேர்த்திருப்பார்கள், அல்லது உங்கள் சப்வூஃபரைக் கூட்டி வைத்திருப்பீர்கள்.

டிஸ்க்கில் 'மோனோ' என்று போட்டிருப்பது உண்மையா என்று சோதிக்க ஒரு வழி. ஆம்பை அணைத்துவிட்டு, ஒரு ஸ்பீக்கரின் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இடம் மாற்றுங்கள். ரிசீவரை வெறும் ஸ்டீரியோவில் வைத்து ஓட்டுங்கள். உண்மையான மோனோவாக இருந்தால் ஒலி மெலிந்து, பாஸ் காணாமல் போய், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. பாதி ஒலி தைரியமாக நின்றால் அது ஸ்டீரியோ. பார்த்து முடித்ததும் கம்பியைத் திருப்பி மாட்ட மறக்கக் கூடாது.

அடிக்கடி வரும் ஒரு புகார்: 'பாட்டு வேறயா இருக்கே!' படத்தில் 'தி வெயிட்' பாடலைப் பாடுவது தி பேண்ட் குழு. படத்தின் இசைத்தட்டில் அதே பாடலை ஸ்மித் என்ற குழு பாடியிருக்கும். உரிமம் கிடைக்காததால் வந்த மாற்றம். இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் டிஸ்க்கைக் குறை சொல்கிறார்கள். டிஸ்க்கில் இருப்பதுதான் சரி.

எதை வாங்குவது

1999-ல் வந்த 30-ஆம் ஆண்டு டிவிடியை இன்று படத்துக்காக வாங்க வேண்டியதில்லை. ஹாப்பரின் வர்ணனை ஒலியும் 'ஷேக்கிங் தி கேஜ்' என்ற ஆவணப்படமும் அதில் உண்டு. இரண்டும் பிறகு கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனத்தின் பதிப்புக்கும் வந்துவிட்டன.

கிரைட்டீரியன் ப்ளூரே 2010-ல் பிபிஎஸ் நிறுவனப் படங்களின் பெட்டியில் வந்தது. 2016-ல் தனியாகவும் வந்தது. அதன் பலம் இரண்டு. சுருக்காத மோனோ ஒலி. கோவாக்ஸே மேற்பார்வையிட்ட வண்ணம். அவர் 2007-ல் காலமானார். பிறகு வந்த 4கே வண்ணத்தை அவர் பார்க்கவே இல்லை. ஸ்கேன் பழையதுதான், 4கே அளவுக்குக் கிரெயின் நுட்பம் அதில் இல்லைதான். ஆனால் அந்தி வெயிலில் மான்யுமென்ட் வேலிப் பாறைகள் எவ்வளவு செம்மண்ணாக இருக்க வேண்டும் என்பதற்கு, எடுத்தவரின் சாட்சியம் அது. டேங்கில் வரைந்த கொடியின் சிவப்பையும் நீலத்தையும் மனதில் பதித்துக்கொண்டு 4கே-யைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

சோனியின் 4கே டிஸ்க் பெரிய திரைக்கானது. 65 அங்குலத்துக்கு மேல், பத்தடிக்குள் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குக் காசுக்கு மதிப்பு உண்டு. 55 அங்குலமும் அதற்குக் கீழும் என்றால் கிரைட்டீரியன் போதும்.

ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாமல் தடுக்கும் ரீஜன் பூட்டைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். இந்தியாவும் இலங்கையும் ப்ளூரேயில் சி, டிவிடியில் 5. சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ, 3. கனடா ஏ, 1. பிரிட்டன் பி, 2. அமெரிக்கக் கிரைட்டீரியன் ப்ளூரே ஏ பூட்டுப் போட்டது. சென்னையில் வாங்கிய சாதாரண பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டே கிடையாது. ஆனால் அதே உறைக்குள் வரும் ப்ளூரேக்கு இருக்கலாம். பழைய கடையில் உறை மங்கிய டிவிடி கிடைத்தால் ஓட்டிப் பார்த்து நேரத்தைக் கவனியுங்கள். 95 என்றால் 24-ன் வேகம் அப்படியே. 91 என்றால் பால் வேகம்.

டிவியைத் தயார் செய்வது

பிளேயரில் 24 ஹெர்ட்ஸ் வெளியீட்டை ஆன் செய்யுங்கள். டிவியில் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் சினிமா மோடுக்குப் போய் ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். மோஷன் ஸ்மூத்திங் முதலில். இல்லாத ஃபிரேமை இடையில் கற்பனை செய்து நுழைப்பது அதன் வேலை. கால் நொடிக் கட்டில் மாட்டினால் ஃபோண்டாவின் முகம் உருகி நெருப்பாக மாறும். அறுபதுகளின் மயக்கத்துக்குப் பொருத்தம் என்று சிலர் சொல்லக்கூடும். கேம்பர்ன் எடிட் செய்தது அதுவல்ல.

பிறகு நாய்ஸ் ரிடக்ஷன், எம்பெக் நாய்ஸ் ரிடக்ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட், எல்லாமே ஆஃப். ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சில பிராண்டுகளில் பூஜ்யம் மங்கலாக்கும், அங்கே நடுப்புள்ளிதான் நடுநிலை. பைக் கைப்பிடியைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும் வரை கூட்டி, பிறகு கோடு மறையும் வரை குறைத்தால் சரியான இடம் கிடைக்கும். வண்ண வெப்பநிலை 'வார்ம் 2'. முதல் பத்து நிமிடம் மஞ்சளாகத் தோன்றும்; கண் பழகிவிடும். 4கே டிஸ்க்கில் எச்டிஆர் (வெளிச்ச வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை) வெளிச்சத்தைக் கடைக்காரர் வைத்த உச்சியில் விட்டால் கல்லறைக் காட்சியின் கிரெயின் உப்புக் கொட்டியதுபோல் பளபளக்கும். அறையை இருட்டாக்கி வெளிச்சத்தை இறக்குங்கள்.

சோதிக்க முழுப் படமும் வேண்டாம். முதலில் விமான நிலையத்தில் சரக்குக் கைமாறும் காட்சி. விமானங்கள் தலைக்கு மேல் இறங்கும்போது ஒலி பிளிறாமல் இருக்கிறதா? அடுத்து மான்யுமென்ட் வேலி அந்தி. வானத்தின் நிறம் படிப்படியாக இறங்குகிறதா, பட்டை பட்டையாக உடைகிறதா? பிறகு ஓர் இரவு நெருப்பு. பொறிகளும், முகத்துக்குப் பின்னால் இருட்டில் பாதி தெரியும் ஆள் உருவமும். நியூ ஆர்லியன்ஸ் விடுதிக் காட்சியில் ஃபோண்டா சாவைப் பற்றிய வாசகத்தைப் பார்க்கும் இடத்தில் படத்தின் முடிவு ஒரு கணம் மின்னி மறையும். அதை நிறுத்திப் பிடித்தால் ஒரே படமாக நிற்க வேண்டும், இரண்டு கலந்து நிற்கக் கூடாது. அங்கிருந்து கல்லறைக்கு அதிக நேரம் இல்லை.

கடைசி ஷாட், லூசியானாவில் க்ரோட்ஸ் ஸ்பிரிங்ஸ் அருகே எடுத்தது. எரியும் பைக்கை விட்டு ஹெலிகாப்டர் மேலே மேலே எழும்புகிறது. செய்த நான்கு பைக்குகளில் மூன்று திருட்டுப் போய்விட்டன. எரிந்தது மீதமிருந்த ஒன்று. சாலை, புல், மரங்கள், ஆறு என்று திரை முழுக்க நுண்ணிய விவரம். நடுவே ஒரு சிறு புகை. எந்தக் கம்ப்ரஷனுக்கும் இது கடைசித் தேர்வு. நல்ல டிஸ்க்கில் புகை கலைந்தபடியே இருக்கும், இலைகள் இலைகளாகவே சிறுத்துப்போகும். மற்றதில் ஆற்றங்கரை முழுவதும் பச்சைச் சாயம் பூசியதுபோல் ஒன்றாகிவிடும்.